வாணிக அறமும் பல்கலைக்கழகப் பாடமும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

வாணிகம் பல்கலைக்கழகத்துள் புகுந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. இலக்கணமும் தருக்கமும் மருத்துவமும் சட்டமும் பயிற்றப்பெற்ற உயர் கல்விக்கூடங்களில் கொள்முதலும் விற்பனையும் கணக்குவைப்பும் பாடங்களாக இடம்பெறத் தொடங்கியபோது, பொருளீட்டும் வழியைக் கற்பித்தல் பல்கலைக்கழகத்தின் பணியாகுமோ என்னும் ஐயம் அறிஞரிடையே எழுந்தது. வாணிகக் கல்வியை வரவேற்றோர் அவ்வையத்திற்குக் கூறிய விடையின் சாரம் இதுவே: பொருளீட்டும் வழியை மட்டுமன்று, நேரிய வழியில் பொருளீட்டும் மாந்தரையும் இக்கல்வி ஆக்கித்தரும். எனவே, வாணிக அறம் என்பது பின்னாளில் ஒட்டப்பெற்ற அணி அன்று. வாணிகப் பள்ளிகள் தோன்றுதற்குக் காட்டப்பெற்ற காரணங்களுள் தலைமையான ஒன்று.

அங்ஙனமாயின், அவ்வறம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கண்டறியப்பட்டதுபோல் மீண்டும் மீண்டும் பாடத்திட்டத்துள் நுழைய நேர்ந்தது ஏன்? நுழைந்தது நிலைக்காமற் போனது ஏன்? இவ்விரு வினாக்களையே இக்கட்டுரை ஆராய்கின்றது. மேலாண்மைப் பள்ளி என்னும் அமைப்பு அமெரிக்க நாட்டில் உருப்பெற்று அங்கிருந்தே பிற நாடுகளுக்குப் பரவியதாதலின், முதற்கண் அந்நாட்டு வரலாற்றையும், அடுத்து இந்திய வரலாற்றையும், இறுதியிற் பாலாற்றுப் படுகையில் நிகழ்ந்த ஒரு வழக்கையும் எடுத்துக்கொள்கின்றோம்.

தமிழாய்விதழில் இப்பொருளுக்கு இடம் யாதென வினவுவாரும் உளராகலாம். அறமும் பொருளும் எவ்வாறு தொடர்புறும் என்பது நம் நூலோர் நெடிது எண்ணிய பொருள். அன்றியும், இற்றை நாளில் நம் கலைக்கல்லூரிகள் பலவற்றில் வணிகவியல் பயில்வோர் பெருந்தொகையினராக உள்ளனர். அவர்க்கு அறநூல்களைக் கற்பிக்கும் பொறுப்புத் தமிழாசிரியரிடமே வந்து சேர்கின்றது. ஆதலின் இவ்வாய்வு நமக்குப் புறம்பானதன்று.

1. நிறுவியவரின் நிபந்தனை

பிலடெல்பியா நகரத்துப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881-ஆம் ஆண்டு வார்ட்டன் பள்ளி தோன்றியது. பல்கலைக்கழகம் ஒன்றன் உறுப்பாக அமைந்து நிலைபெற்ற வாணிகப் பள்ளிகளுள் இதுவே அமெரிக்காவில் முதலாவது. இதற்கு 1,00,000 டாலர் வழங்கிய ஜோசப் வார்ட்டன் என்பார் நிக்கல், எஃகுத் தொழில்களிற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். குவேக்கர் சமயப் பிரிவினர். பள்ளியின் பாடத்திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனையும் அவர் எழுத்தில் வரைந்து கொடுத்தார். பிறர்க்குப் பயன்படும் உழைப்பின்றிப் பிறர் பொருளைத் தன்பாற் கவர்ந்து செல்வனாதல் ஒழுக்கக்கேடு என்பதும், அது நாளடைவில் ஊதியம் பயவாது என்பதும் மாணவர்க்குக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது அவர் விதித்தவற்றுள் ஒன்று.

இவ்விதியைக் காணுங்கால், வாணிக அறம் முதற்பள்ளியின் அடிக்கல்லிலேயே பொறிக்கப்பட்டது என்பது விளங்கும். ஆயின், அதே ஏட்டில் மற்றொரு விதியும் உண்டு. உள்நாட்டுத் தொழில்களைக் காக்கும் இறக்குமதித் தீர்வையின் இன்றியமையாமையையும் பள்ளி கற்பிக்க வேண்டும். அதனைத் தயங்கித் தயங்கிக் கற்பித்தல் ஆகாது என்று அவர் வரைந்தார். அத்தீர்வை அவர்தம் தொழிலுக்கு நேரே ஊதியம் தருவது. பொருள் கொடுத்தவர் அறத்தையும் விதித்தார். தம் நலத்தையும் விதித்தார். இரண்டும் ஒரே தாளில் அமைந்தன. இவ்விரண்டும் முரணும் நாள் வருமாயின் பள்ளி எதன் பக்கம் நிற்கும் என்னும் வினா அத்தாளிலேயே கருக்கொண்டிருந்தது எனலாம்.

அந்நாள் 34 ஆண்டுகள் கழித்து வந்தது. வார்ட்டன் பள்ளியிற் பொருளியல் கற்பித்த இசுக்காட் நியரிங் என்பார், பென்சில்வேனிய மாநிலத்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவரை வேலைக்கு அமர்த்துவதனைக் கண்டித்துப் பேசியும் எழுதியும் வந்தார். செல்வம் ஈட்டுதலில் அறம் வேண்டும் எனப் பொதுப்படக் கூறிவிட்டு அவர் அமையவில்லை. எந்தத் தொழில், எத்தகைய கூலி, எந்த வயதுக் குழந்தை என்று வகுத்துப் பேசினார். 1915-ஆம் ஆண்டு சூன் திங்களில் பல்கலைக்கழக ஆட்சிப் பேராளர்கள் அவர்தம் பணியை நீட்டிக்க மறுத்தனர். காரணம் ஒன்றும் கூறினாரல்லர். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அமைந்திருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தது. ஆசிரியர் உரிமை பற்றிய அமெரிக்க வரலாற்றில் இஃது இன்றும் எடுத்துக்காட்டப்பெறும் நிகழ்ச்சியாகும்.

இங்கு ஒன்று கருதற்பாலது. உழைப்பின்றிச் செல்வம் ஈட்டலாகாது என்னும் பொதுவிதியை எவரும் எதிர்த்திலர். அது பள்ளியின் ஏட்டில் இடையூறின்றி இருந்தது. அவ்விதி ஒரு குறிப்பிட்ட தொழிலின் கூலிக்கணக்கைத் தொட்டபோதே இடர் நேர்ந்தது. பொதுநிலையில் நிற்கும் அறத்தை எவரும் அஞ்சுவதில்லை. கணக்கேட்டைத் திறக்கும் அறமே அஞ்சப்படுகின்றது. இவ்வுண்மை பின்வரும் வரலாறு முழுமைக்கும் திறவுகோலாகும் என்பது எம் கருத்து.

2. தனித்தாளின் தோற்றமும் மறைவும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் வாணிக ஒழுக்கம் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் தொடங்கின. ஆரிசு வைன்சுடாக் என்னும் வாணிகர் நிறுவிய அச்சொற்பொழிவுகள் நூல்களாகவும் வெளிவந்தன. 1908-இல் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் வாணிகப் பள்ளி தோன்றியது. அதன் முதல் தலைவரான எட்வின் கே பொருளியல் வரலாற்றறிஞர். தக்க ஊதியத்தைத் தக்க முறையில் ஈட்டுதலே வாணிகம் எனப் பொருள்படுமாறு அவர் தந்த விளக்கம் பள்ளியின் குறிக்கோளுரை போன்றே வழங்கிவந்தது.

அவர்க்குப்பின் 1919 முதல் 1942 வரை தலைமை தாங்கிய வாலசு டானம் சட்டம் பயின்றவர், வங்கியில் பணியாற்றியவர். சட்டப் பள்ளிகளில் வழக்குகளைக் கொண்டு சட்டம் கற்பித்தல்போல, உண்மையான தொழில் நிகழ்ச்சிகளைக் கொண்டு வாணிகம் கற்பிக்கும் முறையை அவர் வேரூன்றச் செய்தார். வாணிகர்க்குத் தொழில்திறன் வளர்ந்த அளவிற்குப் பொறுப்புணர்ச்சி வளரவில்லை என்று கவன்ற அவர், மெய்ப்பொருளியல் அறிஞரான கார்ல் டாய்ச் என்பாரை அழைத்து 1928-இல் வாணிக அறத்தைத் தனிப்பாடமாகக் கற்பிக்கச் செய்தார். அது விருப்பப் பாடம். 1935-இல் அப்பாடம் நின்றுபோயிற்று.

இவ்வாண்டுகளைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். 1929-இல் நியூயார்க்குப் பங்குச் சந்தை வீழ்ந்தது, வங்கிகள் மூடப்பட்டன, பல இலட்சம் மக்கள் வேலையிழந்தனர். 1933, 1934 ஆகிய ஆண்டுகளிற் பங்கு வாணிகத்தை நெறிப்படுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நாடெங்கும் வாணிகரின் ஒழுக்கமே பேச்சாக இருந்த காலத்தில், வாணிகரை ஆக்கும் பள்ளியின் அறப்பாடம் மறைந்தது. வழக்குகளைக் கொண்டு பாடம் நடத்தும் ஒரு பள்ளியில், நிதி, சந்தை, உற்பத்தி ஆகிய வகுப்புகளில் ஆராயப்பெற்ற வழக்குகள் ஒருபுறமும், அறவகுப்பு மற்றொருபுறமும் நின்றன. மாணாக்கர் எவ்விடத்தில் முடிவெடுக்கக் கற்றனரோ அவ்விடத்தில் அறம் இல்லை. அறம் இருந்த இடத்தில் முடிவெடுக்கும் பயிற்சி இல்லை. விருப்பப் பாடம் விருப்பமின்மையால் நீங்கியதில் வியப்பொன்றுமில்லை.

3. ஊழலுக்குப்பின் அறம்

இரண்டாம் உலகப்போருக்குப்பின் வாணிகப் பள்ளிகள் பெருகின. 1959-ஆம் ஆண்டு போர்டு அறநிலையத்தின் பொருளுதவியாற் கார்டன், அவெல் இருவரும், கார்னகி நிறுவனத்தின் பொருளுதவியாற் பியர்சன் என்பாரும் தனித்தனியே இரு பேரறிக்கைகள் வெளியிட்டனர். வாணிகப் பள்ளிகளில் ஆழ்ந்த புலமை இல்லை என்பதும், கணிதம், புள்ளியியல், பொருளியல், உளவியல் ஆகியன அங்கு வலுப்பெறல் வேண்டும் என்பதும் அவ்வறிக்கைகளின் முடிவு. பள்ளிகள் அவ்வழியே சென்றன. அளவிடத்தக்கன யாவும் பாடத்தின் நடுவிடத்தைப் பெற்றன. அறம் அளவிடத்தகாதது எனக் கருதப்பட்டமையின் ஓரத்தில் நின்றது.

இரண்டாண்டுகள் கழிந்தன. 1961 பிப்ரவரித் திங்களில், மின்பொறிகள் செய்யும் 29 நிறுவனங்கள் தம்முட் கலந்து மறைவாக விலையை வரையறுத்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டன. உயர் அலுவலர் எழுவர் சிறை புகுந்தனர். தீர்ப்பு வழங்கப்பெற்ற நடுவண் நீதிமன்றம் வார்ட்டன் பள்ளி அமைந்த அதே பிலடெல்பியா நகரத்தது. அவ்வாண்டே இயேசு சபைத் துறவியான இரேமண்டு பாம்ஆர்ட்டு, ஏறத்தாழ 1,700 தொழில்துறையினரை வினவித் தம் ஆய்வை ஆர்வர்டு வாணிக இதழில் வெளியிட்டார். தம்மை அறவழி நிற்பவராகவும் தம்மையொத்த பிறரை அவ்வளவு நேர்மையில்லாதவராகவும் கருதும் போக்கு அவ்விடைகளில் வெளிப்பட்டது. அறம் பிறர்க்கு வேண்டுவது என எண்ணும் மாந்தர்க்குப் பொது அறவுரை எவ்வளவு பயன்தரும் என்பதனை இதனால் உய்த்துணரலாம்.

1970-இல் பொருளியலறிஞர் மில்டன் பிரீடுமன், சட்டத்திற்கும் மரபொழுக்கத்திற்கும் உட்பட்டு ஊதியத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமுதாயப் பொறுப்பு என வாதிட்டார். 1984-இல் எட்வர்டு பிரீமன், பங்குதாரர் மட்டுமல்லர், தொழிலாளர், வாடிக்கையாளர், அண்டை வாழ்நர் முதலாய பிறரும் நிறுவனத்தில் உரிமையுடையோரே என்னும் கருத்தை மேலாண்மைக் கோட்பாடாக வகுத்தார். 1982-இல் வாணிக அறத்திற்கெனத் தனி ஆய்விதழே தோன்றியது. இங்ஙனம் வாணிக அறம் ஒரு புலமைத்துறையாயிற்று. 1986-இல் பங்குச் சந்தையில் உள்மறை அறிந்து வாணிகம் செய்த ஊழல்கள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே, பங்குச் சந்தை ஆணையத்தின் தலைவராயிருந்த ஜான் சாடு என்பார் அறம் கற்பித்தற்கென ஆர்வர்டு வாணிகப் பள்ளிக்கு 2 கோடி டாலர் வழங்க முன்வந்தார்.

ஆயினும் 2001 திசம்பரில் என்ரான் நிறுவனம் வீழ்ந்தது. அந்நிறுவனத்தில் அறநெறி நூல் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு 64 பக்கங்களில் அழகுற அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, நிதித்தலைவர் தாமே நடத்திய கூட்டுக்குழுக்களோடு நிறுவனம் வாணிகம் செய்தற்கு இடந்தருமாறு, அந்நெறியின் விதி இயக்குநர் அவையால் தளர்த்தப்பட்டிருந்தது. கடன் கணக்கிலிருந்து மறைந்த வழி அதுவே. அறநூல் ஓரிடத்தும் கணக்கேடு வேறோரிடத்தும் இருத்தலால் விளையும் கேட்டிற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

அதன்பின் 2004-இல் ஆர்வர்டுப் பள்ளி, பொருளியற் பொறுப்பு, சட்டப் பொறுப்பு, அறப்பொறுப்பு என்னும் மூன்றையும் ஒருங்கே ஆராயும் பாடத்தை முதலாண்டு மாணவர் அனைவர்க்கும் கட்டாயமாக்கியது. 2008-இல் நிதி நெருக்கடி நேர்ந்தது. 2009-இல் அப்பள்ளி மாணவர் சிலர் தாமே ஓர் உறுதிமொழியை வகுத்து ஏற்றனர். ஊழல் வெளிப்படுதல், அறப்பாடம் நுழைதல், ஊழல் மறக்கப்படுதல், அறப்பாடம் மெலிதல் என்னும் சுழற்சி இவ்வரலாற்றில் தெளிவுறக் காணப்படுகின்றது.

4. வளம் பேணல்: கணக்கிற் பிறந்த கருத்து

வாணிக அறத்தோடு இன்று இணைத்தே பேசப்படுவது வளம் பேணல். தமிழகத்தில் 'நீடித்த வளர்ச்சி' என்றும், இலங்கையில் 'பேண்தகு அபிவிருத்தி' என்றும் இக்கருத்து வழங்குகின்றது. இஃது அண்மைக்காலச் சூழலியலாரின் படைப்பென்று பலர் கருதுவர். வரலாறு வேறு கூறுகின்றது.

செருமானிய நாட்டுச் சாக்சனிப் பகுதியில் பிரைபெர்க்கு என்னும் ஊர் வெள்ளிச் சுரங்கத்தாற் பெயர் பெற்றது. சுரங்கத்திற்குத் தாங்குமரம் வேண்டும். கனிமத்தை உருக்குதற்குக் கரி வேண்டும். இரண்டும் காட்டிலிருந்து வரவேண்டியவை. காடு அழிந்துகொண்டே வர, வெள்ளி நிலத்தடியில் இருந்தும் எடுக்கவியலாத நிலை நெருங்குவதனைச் சுரங்கத்துறைத் தலைவரான ஆன்சு கார்ல் பான் கார்லோவிட்சு கண்டார். அவர் 1713-இல் வெளியிட்ட காட்டியல் நூலில், வளர்வதற்கு மேல் வெட்டலாகாது, வெட்டிய அளவிற்கு நடுதல் வேண்டும் என்னும் முறையை வற்புறுத்தினார். வளம் பேணலைக் குறிக்கும் இற்றைச் செருமானியச் சொல்லின் மூலவழக்கு அந்நூலிற் காணப்படுவது.

கார்லோவிட்சு துறவியுமல்லர், இயற்கையைப் பாடிய புலவருமல்லர். சுரங்க வரவுசெலவை நோக்கிய ஆட்சியாளர். முதலை உண்டு வாழ்பவன் வட்டியையும் இழப்பான் என்னும் வாணிக அறிவையே அவர் காட்டிற்கும் பொருத்தினார். எனவே, வளம் பேணல் என்பது கணக்கிற்கு வெளியிலிருந்து வந்து கணக்கரை அச்சுறுத்தும் கருத்தன்று. கணக்கு நேர்மையாக எழுதப்படும்போது தானே தோன்றும் கருத்து. இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவேற்றுங்கால் வருந்தலைமுறையின் ஆற்றலைக் குறைத்தலாகாது என 1987-இல் ஐக்கிய நாடுகளின் சார்பில் புருண்ட்லாண்டு அம்மையார் தலைமையிலான ஆணையம் வகுத்த விளக்கமும் இவ்வழிப்பட்டதே. அக்கருத்தை மேலாண்மைக் கல்வியுட் கொணரும் பொருட்டு 2007-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 6 நெறிகள் வகுக்கப்பட்டன. உலகெங்கணும் உள்ள மேலாண்மைப் பள்ளிகள் பல அவற்றை ஏற்றுக் கையொப்பமிட்டுள்ளன.

5. இந்திய வரலாறு

இந்தியாவில் வாணிகக் கல்வியின் தொடக்கம் சென்னையோடு தொடர்புடையது. 1886-இல் பச்சையப்பர் அறக்கட்டளையின் பேராளர்கள் ஏற்படுத்திய வாணிகப் பள்ளியே இத்துறையின் முதற்படி எனக் கல்வி வரலாற்றார் கூறுவர். 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் துபாசியாகவும் வாணிகராகவும் வாழ்ந்தவர். தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென எழுதிவைத்தவர். அச்செல்வம் நெடுங்காலம் வழக்கிற் கிடந்து, நீதிமன்றத்தின் தலையீட்டாற் காக்கப்பெற்ற பின்னரே கல்விக்குப் பயன்பட்டது. வாணிகர் ஒருவரின் அறப்பொருளே வாணிகக் கல்விக்கு வித்தாயிற்று என்பதும், அவ்வறப்பொருளும் கணக்குக் கேட்பாரின்றி நெடுநாள் பயன்படாதிருந்தது என்பதும் ஒருங்கே நினைக்கத்தக்கன. 1913-இல் பம்பாயிற் சிடன்காம் கல்லூரி தோன்றியது. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பட்டன. முன்னதற்கு மாசாச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் மேலாண்மைப் பள்ளியும், பின்னதற்கு ஆர்வர்டு வாணிகப் பள்ளியும் துணைநின்றன. அமெரிக்கப் பள்ளிகளின் சிறப்பும் குறைபாடும் இங்ஙனம் நம் நாட்டிற்கும் வந்தன.

1984 திசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவிற் போபால் நகரத்துப் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட்டு வளி கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆலையின் செலவைக் குறைத்தல் என்னும் மேலாண்மை முடிவு எத்தகைய விளைவிற்கு இடந்தரும் என்பதனை உலகம் கண்டது. அதன்பின் சுற்றுச்சூழற் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளி கல்லூரிகளிற் சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமெனப் பணித்தது. ஆணை ஏட்டளவில் நின்றமையால் 2003-இல் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்த நேர்ந்தது. பல்கலைக்கழக நல்கைக் குழு எல்லாத் துறை இளநிலை மாணவர்க்கும் உரிய ஆறு மாதப் பாடத்தை வகுத்தது. அருகில் உள்ள மாசடைந்த இடமொன்றை மாணவர் நேரிற் சென்று காணுதலும் அப்பாடத்தின் ஒரு பகுதியாக எழுதப்பட்டுள்ளது.

ஈண்டு யாம் ஆசிரியர் என்னும் முறையில் ஒன்று கூறுதல் கடன். பல கல்லூரிகளில் இப்பாடம் வினாவிடைச் சுவடியாகச் சுருங்கிவிட்டது. மாசடைந்த இடத்தைக் காணல் என்னும் பகுதி, அவ்விடத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி ஒப்படைத்தல் என்னும் அளவில் முடிகின்றது. வணிகவியல் மாணவன் ஒரு பருவத்திற் சுற்றுச்சூழலைக் கற்றுத் தேறுகின்றான்; அடுத்த பருவத்திற் செலவுக் கணக்கியலைக் கற்றுத் தேறுகின்றான். முதற்பாடம் இரண்டாவதனுள் ஓரிடத்தும் புகுவதில்லை.

6. பாலாற்றுப் பாடம்

அங்ஙனம் புகுமாயின் என்ன நேரும் என்பதற்கு வேலூர் வழக்கு விளக்கமாகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடுதல் பழந்தொழில். முன்னர் ஆவாரம்பட்டை முதலிய மரப்பட்டைகளைக் கொண்டு பதனிட்டனர். 1970-களில் அரை பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுதும் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்தலை அரசு ஊக்கியது. குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பெருகியது. அயல்நாட்டுச் செலாவணி வரவாயிற்று. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் நிலத்திலும் ஆற்றிலும் பாய்ந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 900-க்கு மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்கியமையையும், வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் கணிப்பின்படி ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகாததாயினமையையும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கின்றது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதும் அதன்கண் கூறப்பட்டுள்ளது. தீங்கு வருமுன் காத்தல், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என நீதிமன்றம் அறுதியிட்டது. ஆலை ஒன்றிற்கு 10,000 ரூபாய் தண்டம் விதித்து, இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்குமாறு பணித்தது.

இவ்வழக்கை ஒரு கணக்குப் பாடமாகக் காண்போம். ஆலையின் ஏட்டில் தோல் வாங்கிய விலை உண்டு. உப்பு, இரசாயனப் பொருள், கூலி, மின்சாரம் ஆகியவற்றின் செலவு உண்டு. தன் நிலத்துக் கிணற்றிலிருந்து எடுத்த நீருக்கு விலையில்லை. ஆதலின் ஏட்டில் இடமில்லை. கழிவைப் புறத்தே விடுதற்கும் விலையில்லை. ஆதலின் அதற்கும் இடமில்லை. அண்டை ஊர் உழவன் கிணறு உவர்த்ததும், அவன் தென்னை கருகியதும், அவன் வீட்டார் குடிநீருக்கு நெடுந்தொலை நடந்ததும் அவ்வேட்டில் எழுதப்படவில்லை. ஏடு தணிக்கை செய்யப்பட்டது, கூட்டல் பிழையில்லை, ஊதியம் சரியாகவே காட்டப்பட்டது. ஆயினும் அவ்வூதியத்தின் ஒரு பகுதி உழவனிடமிருந்து அவனறியாமல் எடுக்கப்பட்டது. 1881-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட பொதுவிதி, பிறர் பொருளைக் கவர்ந்து செல்வனாதலைக் கண்டித்ததன்றோ? அவ்விதியை மனப்பாடம் செய்த மாணவனும் இக்கணக்கில் அதனைக் காணமாட்டான். கணக்கேட்டின் எல்லையை வினவக் கற்றவனே காண்பான்.

நீதிமன்றம் 1996-இற் செய்தது, சாரத்தில், விடுபட்ட செலவைக் கணக்கில் எழுதியதே. ஆயின் எழுதிய செலவைத் தண்டுதல் எளிதன்று. 2025 சனவரித் திங்களிலும் இதே நிலப்பகுதியின் மாசும் இழப்பீடும் குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. ஒரு தலைமுறை கடந்தும் தீராத இக்கணக்கே நம் மாணவர்க்குரிய பாடநூல்.

7. இரு தடைகள்

யாம் கூறும் கருத்திற்குத் தடைகள் இரண்டு எழலாம். அறத்தை எண்ணாக மாற்றினால் அறம் சிறுமையுறாதோ என்பது ஒன்று. இத்தடை மெய்யானதே. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், வரையறுத்த அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூவாண்டுச் சராசரி ஊதியத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிடல் வேண்டும் என்றது. இஃது எண் உடையதேயாயினும், ஊதியம் கணக்கிட்டு முடிந்தபின் வருவது. நிறுவனத்தின் வழக்கமான தொழிலைச் சார்ந்த செயல்கள் இதன்கண் சேரா. ஆதலின் இதுவும் சட்டத்துறையில் அமைந்த ஒரு தனித்தாளே. 98 விழுக்காடு எவ்வாறு ஈட்டப்பட்டது என்று அது வினவுவதில்லை. இதனின் வேறானது, பங்குச் சந்தை வாரியம் 2021-இற் கொணர்ந்து, 2022-23 முதல் முதன்மையான 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய பொறுப்பறிக்கை. எடுத்த நீர், விட்ட கழிவு, பயன்படுத்திய ஆற்றல் ஆகியன அதில் எழுதப்படல் வேண்டும். இது கணக்கினுட் புகுந்த முறை. எனினும் பங்குச் சந்தையில் இடம்பெறாத சிற்றாலைகள் இதன் எல்லைக்குள் வாரா. ஆகவே எண் மட்டும் போதாது. எது எண்ணப்படவில்லை என வினவும் அறிவே அறமாகும். அதனை எந்தப் படிவமும் கற்பிக்காது. ஆசிரியரே கற்பித்தல் வேண்டும்.

ஒழுக்கம் இளமையில் வீட்டிற் படிவது, இருபது வயதிற் கற்பித்தால் வருமோ என்பது மற்றொரு தடை. நேர்மையாக வாழும் விருப்பத்தைப் பல்கலைக்கழகம் தர இயலாது என்பது உண்மையாகலாம். ஆனால் அவ்விருப்பம் உடையவனும் கணக்கில் மறைந்த தீங்கைக் காணாமல் ஏமாறுவான். காணும் கண்ணைத் தருதல் கல்வியின் பணி. வேலூர்ப் பகுதி ஏடுகளை எழுதியோர் அனைவரும் தீயோர் என்று எவரும் கூறார். அவர்க்குக் கற்பிக்கப்பட்ட கணக்கில் அக்கிணறுகள் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்ட வரலாற்றால் விளங்குவது இது. வாணிக அறம் தனித்தாளாக நின்ற இடங்களில் உதிர்ந்தது. அன்றி, எவர்க்கும் இடர் செய்யாத பொதுமொழியாக உறைந்தது. கூலிக்கணக்கையும் நீர்க்கணக்கையும் தொட்டபோது அது உயிர்பெற்றது, எதிர்ப்பையும் பெற்றது. ஆதலின், செலவுக் கணக்கியல், நிதி மேலாண்மை, தணிக்கை ஆகிய தாள்களின் உள்ளேயே அறவினாக்கள் அமைதல் வேண்டும். அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அருகிலுள்ள தொழிலின் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்தும் உரிமையும் வேண்டும். இரண்டில் ஒன்று குறையினும் மற்றொன்று பயன்தராது.

திருவள்ளுவர் வாணிகர்க்குரிய நேர்மையை அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். அத்துடன் அமையாது, பொருட்பாலிற் பொருள்செயல்வகை கூறும் இடத்தும், பிறர்க்குத் தீங்கின்றி ஈட்டிய செல்வத்தின் நன்மையை உள்ளே வைத்துக் கூறினார். பொருளைச் செய்க எனக் கூறும் அதிகாரத்தினுள்ளேயே அது வரும் வழியும் வினவப்படுகின்றது. தமிழில் 'கணக்கு' என்னும் சொல் எண்ணையும் குறிக்கும், நூலையும் குறிக்கும். கற்பிக்கும் ஆசிரியனைக் 'கணக்காயர்' என்றனர் முன்னோர். வணிகவியல் வகுப்பிற்கு அறநூல் கற்பிக்கச் செல்லும் தமிழாசிரியர், அடுத்த வகுப்பிற் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியரோடு அமர்ந்து ஒரு பாடத்தையேனும் இணைந்து நடத்துவாராயின், பாலாற்றங்கரைக் கிணறுகள் நம் மாணவர் ஏட்டில் இடம்பெறும்.